கால்நடைப் பட்டத்தின் மறக்கப்பட்ட பின்பாதி

புது தில்லி:
தலைநகரின் கிழக்கு எல்லையில் உள்ள காஜிப்பூர் கோழிச் சந்தை 2021-ம் ஆண்டு ஜனவரியில் பறவைக் காய்ச்சல் அச்சத்தால் பத்து நாள்கள் மூடப்பட்டது. அதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஹரியாணா மாநிலம் பர்வாலா பகுதியில் லட்சக்கணக்கான கோழிகள் மடிந்தன. அங்குள்ள சில பண்ணைகளின் மாதிரிகளில் நோய்க் கிருமி இருப்பதை போபால் ஆய்வகம் உறுதி செய்தது. அந்த வாரங்களில் கால்நடை மருத்துவர்களைத் தேடாத அரசு அலுவலகமே இல்லை. நோய் ஓய்ந்ததும் அவர்களும் மறக்கப்பட்டனர்.

நோய் வந்தால் மட்டும் நினைவுக்கு வரும் இப் படிப்பின் முழுப் பெயர் "கால்நடை மருத்துவம் மற்றும் கால்நடைப் பராமரிப்பு" என்பதாகும். பெயரின் முன்பாதி நோயைத் தீர்ப்பது. பின்பாதி, நோயும் நட்டமும் வராமல் வளர்ப்பது. ஆடு, மாடு, கோழி வளர்த்துப் பிழைக்கும் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது இந்தப் பின்பாதிதான். ஆனால் நமது கல்வி முறையும் வேலைவாய்ப்பு முறையும் முன்பாதியோடு நின்றுவிடுகின்றன.

பெருகிய உற்பத்தி

2019-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உள்ள கால்நடைகள் 53 கோடியே 57 லட்சம். கோழியினங்கள் 85 கோடிக்கும் மேல். பால் உற்பத்தியில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகில் முதலிடம் வகிக்கிறோம். 2023-24-ல் பால் உற்பத்தி 23.9 கோடி டன். முட்டை உற்பத்தி 14 ஆயிரம் கோடியைத் தாண்டியது. வேளாண் துறையின் மொத்த மதிப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் கால்நடைகளிடமிருந்து வருகிறது.

இந்த வளர்ச்சிக்குப் பின்னால் கல்வியும் ஆராய்ச்சியும் உண்டு. 1889-ல் புணேயில் நுண்ணுயிர் ஆய்வகமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் இமயமலைச் சாரலில் முக்தேசருக்கும், பரேலி அருகே இஸ்ஸத்நகருக்கும் விரிந்த இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இதில் முதன்மையானது. மாடுகளை மந்தை மந்தையாகக் கொன்ற வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011-ல் அறிவிக்கப்பட்டது. அந்த வெற்றியில் இந்திய மருத்துவர்களுக்கும் தடுப்பூசி போட்ட ஊழியர்களுக்கும் பெரும் பங்குண்டு.

ஆயினும் ஒரு மாட்டின் சராசரிக் கறவையில் இன்றும் பின்தங்கியே இருக்கிறோம். நமது முதலிடம் மாடுகளின் எண்ணிக்கையால் வந்தது. ஒவ்வொரு மாட்டின் திறனால் வந்ததன்று. கறவையைக் கூட்ட ஊசி மருந்து போதாது. தீவனமும் இனப்பெருக்கமும் கொட்டகையும் சீராக வேண்டும்.

என்ன படிக்கலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றவர்களுக்கு முதல் வழி, இளநிலைக் கால்நடை மருத்துவப் பட்டம். ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியுடன் சேர்த்து இதன் காலம் ஐந்தரை ஆண்டுகள். உடற்கூறு, நோய்க்குறியியல், அறுவை ஆகியவற்றுடன் தீவனவியல், மரபியல், பண்ணை மேலாண்மை, கோழி வளர்ப்பு, பால் மற்றும் இறைச்சித் தொழில்நுட்பம், விரிவாக்கக் கல்வி ஆகியவையும் இதில் உண்டு. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றத்தின் 2016-ம் ஆண்டு நெறிமுறைகள் தொழில்முனைவோர் பயிற்சியையும் பாடத்திட்டத்தில் சேர்த்துள்ளன.

மருத்துவராக விரும்பாதவர்களுக்கும் வழிகள் உள்ளன. கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் பால்வளத் தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டமும், கால்நடைத் தீவனவியல் போன்ற துறைகளில் மேல்பட்டங்களும் வழங்குகிறது. கோழியினங்களுக்கு இஸ்ஸத்நகரிலேயே 1979-ல் தனி ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. 1989-ல் சென்னையில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒசூரில் கோழியினத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு நடத்துகிறது.

எனவே படிப்புக்குக் குறைவில்லை. படிக்க வருவோரின் மனநிலையும், படித்து முடித்தபின் அவர்கள் சென்று சேரும் இடமும்தான் சிக்கல். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களின் இரண்டாவது விருப்பமாகவே இப் படிப்பு பெரும்பாலும் கருதப்படுகிறது. பட்டம் பெற்றதும் அரசு மருந்தகப் பணிக்கான தேர்வுக்குக் காத்திருப்பதே வழக்கம். ஒருபுறம் பல மாநிலங்களில் மருத்துவர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கின்றன. மறுபுறம் பட்டதாரிகள் அறிவிப்புக்காகக் காத்திருக்கின்றனர்.

5 ஆயிரம் மாடுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-லேயே பரிந்துரைத்தது. 2019 கணக்கெடுப்பின்படி மாட்டினங்கள் மட்டும் 30 கோடியே 27 லட்சம். அவற்றுக்கே சுமார் 60 ஆயிரம் மருத்துவர்கள் களத்தில் இருக்க வேண்டும். ஆடுகளும் கோழிகளும் இக் கணக்கில் சேரவில்லை.

கணக்கு யார் கையில்?

பின்பாதிப் படிப்பின் பயன் என்ன என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் போதும்.

ஒரு கறவை மாட்டை நம்பி வாழும் பெண்ணை எண்ணிப் பாருங்கள். மாட்டுக்கு நோய் ஏதுமில்லை. ஆனால் தாது உப்புக் குறைவால் பருவம் தெளிவாகத் தெரியவில்லை. பருவம் 21 நாள்களுக்கு ஒருமுறை வருவது. ஒன்று தவறினால் மூன்று வாரத் தீவனம் வீண். அடுத்த கன்றும் அடுத்த கறவையும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். இரண்டு மூன்று பருவங்கள் தவறினால் மாடு சந்தைக்குப் போகும். கடன் வீட்டில் தங்கும். அவர் வீட்டு வாசலுக்கு வந்து தீவனத்தைப் பார்த்துச் சொல்லும் படித்தவர் ஒருவர் இருந்தால், இது சில நூறு ரூபாயில் தீரக்கூடிய சிக்கலாகும்.

அடுத்தது கறிக்கோழி. ஒப்பந்த முறையில் நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி பெறுகிறார். கோழி எத்தனை கிலோ தீவனம் தின்று எத்தனை கிலோ எடை போட்டது என்பதைப் பொருத்தே அவரது கூலி ஏறும், இறங்கும். உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனத்துக்கே போகும் தொழில் இது. இந்தக் கணக்கைப் போடுவதற்கு நிறுவனத்திடம் பட்டதாரிகள் உள்ளனர். விவசாயியின் பக்கம் நின்று அதைச் சரிபார்க்க எவருமில்லை. பொதுப் பணத்தில் உருவான அறிவு ஒரு தரப்பின் கையில் மட்டும் சேர்ந்தால், பேரமும் அத் தரப்புக்கே சாதகமாகும்.

மக்கள் நலனும் இதில் அடங்கியுள்ளது. உணவுக்கான கால்நடைகளுக்கு கோலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பயன்படுத்த மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலிடமான மருந்து கோழித் தீவனத்தில் கலந்து வீணாகிவிடக் கூடாது என்பதே காரணம். மருந்தில்லாமல் வளர்க்க வேண்டுமானால் தூய்மையான கொட்டகையும் சரியான தீவனமும் தெரிந்த ஆள்கள் வேண்டும்.

அரசுகள் செய்ய வேண்டியது

கால்நடை பராமரிப்பும் கால்நடை மருத்துவக் கல்வியும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 15-வது இனமாக உள்ளவை. ஆனால் பாடத்திட்டத்தின் குறைந்தபட்ச நெறிமுறைகளை வகுப்பது, 1984-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மத்திய மன்றம். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்கள் 2019 முதல் நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. தமிழகம் தன் பங்கு இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே நிரப்புகிறது. ஆடு மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இப் படிப்புக்கு வர வேண்டுமா, பயிற்சி மையங்களுக்குப் பணம் கட்ட இயன்றவர்கள் வர வேண்டுமா என்ற கேள்வி இதில் உள்ளது.

தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் 2021 முதல் நாட்டுக்கோழிப் பண்ணைக்கு ரூ. 25 லட்சம் வரையும், ஆட்டுப் பண்ணைக்கு ரூ. 50 லட்சம் வரையும் முதலீட்டில் பாதி மானியமாக வழங்கும் திட்டம் கொண்டுவரப்பட்டது. நல்ல திட்டமே. ஆனால் மறுபாதியைத் திரட்டவும் நிலம் காட்டவும் வங்கியை இணங்கவைக்கவும் வேண்டும். படித்து முடித்த ஏழை வீட்டு இளைஞருக்கு அறிவு இருக்கிறது. ஈடு காட்டச் சொத்து இல்லை. சொத்துள்ளவருக்கு மானியம் கிடைக்கிறது. அறிவை அவர் கூலிக்கு அமர்த்திக்கொள்கிறார்.

பட்டத்தையே ஈடாக ஏற்றுக் கடன் வழங்கலாம். பால் கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் தீவன, இனப்பெருக்க ஆலோசகர்களைத் தங்கள் பொறுப்பில் அமர்த்த மாநில அரசுகள் உதவலாம். ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியின் ஒரு பகுதியை நகர மருத்துவமனையிலிருந்து சிற்றூர்க் கொட்டகைக்கு மாற்றலாம். பயிற்சிக் கால உதவித்தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதும், அதற்காக மாணவர்கள் வீதிக்கு வருவதும் முடிவுக்கு வர வேண்டும்.

நிலமில்லாதவரிடமும் ஓர் ஆடு உண்டு. பத்துக் கோழிகள் உண்டு. அவற்றைப் பேணுவோரில் பெரும்பாலோர் பெண்கள். நோய் வந்தபின் மருத்துவரை அனுப்பும் அரசு, நோய் வருமுன் கால்நடை அறிவியலை அவர்களது வாசலுக்கு அனுப்பினால், பட்டத்தின் பின்பாதிக்கும் பொருள் கிடைக்கும்.