அம்புக்கு இறகு ஒட்டுவது எப்படி?

அம்பு எதனால் நேராகப் பறக்கிறது? வில்லின் பலத்தாலா? எய்கிறவரின் கண் கூர்மையாலா?

இரண்டும் வேண்டும். ஆனால் அவை மட்டும் போதாது. அம்பின் வாலில் உள்ள மூன்று இறகுகளும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஓர் இறகு பிய்ந்தாலும் அம்பு தள்ளாடும். குறி தவறும்.

இங்கிலாந்தில் பல ஊர்களில் வில் வித்தைக் கழகங்கள் இருக்கின்றன. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் அங்கே பழகுகிறார்கள். புதிதாகப் பழகுகிறவரிடம் அம்புகள் படாத பாடு படும்! புல்லுக்குள் புகும். இறகு கிழியும். அதற்காக அம்பை எறிந்துவிட முடியுமா? வீட்டிலேயே புது இறகு ஒட்டிக்கொள்கிறார்கள். அதற்கு ஒரு சிறு கருவி உண்டு. அதன் பெயர் "ஜிக்". பிளாஸ்டிக்கில் செய்த மலிவான ஜிக்கே போதும்.

இறகின் வேலை

அம்பு பறக்கும்போது இறகில் காற்று மோதுகிறது. அது வாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. அதனால் அம்பின் முனை எப்போதும் முன்னால் நிற்கிறது. இறகைச் சற்றுச் சாய்த்து ஒட்டினால், அம்பு சுழன்றுகொண்டே போகும்.

பறவையின் இடது சிறகில் உள்ள இறகு ஒரு பக்கம் வளைந்திருக்கும். வலது சிறகில் உள்ளது மறுபக்கம் வளைந்திருக்கும். ஒரே அம்பில் இரண்டையும் கலக்கக் கூடாது.

கடலில் கிடைத்த அம்புகள்

முன்பு இது ஒரு தனித் தொழிலாக இருந்தது. லண்டனில் வில் செய்கிறவர்களும் அம்பு செய்கிறவர்களும் 1371-ல் தனித்தனிச் சங்கங்களாகப் பிரிந்தார்கள். "பிளெட்சர்" என்ற ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு அம்பு செய்பவர் என்று பொருள்.

"மேரி ரோஸ்" என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பல் 1545-ல் கடலில் மூழ்கியது. 1982-ல் அதை மேலே தூக்கினார்கள். அந்தக் கப்பலில் சுமார் 3,500 அம்புகள் கிடைத்தன! பசை தடவி, நூலும் சுற்றி இறகைக் கட்டியிருந்த அடையாளம் அவற்றில் இருந்தது.

ஜிக் செய்யும் உதவி

மூன்று இறகுகளுக்கும் நடுவே சமமான இடைவெளி வேண்டும். பழகாத கண்ணுக்கு அது பிடிபடாது. ஜிக் அதைப் பார்த்துக்கொள்ளும்.

முதலில் அம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த அம்பு கூடவே கூடாது. எய்யும்போது உடைந்து கையில் பாயும். பிறகு பழைய பசையைச் சுரண்டித் துடைக்க வேண்டும்.

அம்பின் பின்முனையில் நாணைக் கவ்வும் பிளவு இருக்கும். அந்த முனையை ஜிக்கில் செருக வேண்டும். இறகைக் கிளிப்பில் பிடித்து, அதன் அடியில் மெல்லிய கோடாகப் பசை தடவி, அம்பின் மேல் அழுத்தி வைக்க வேண்டும். விரல் படாதபடி, முனையிலிருந்து சுமார் ஓர் அங்குலம் விடுவது வழக்கம்.

பசை உலர்ந்ததும் கிளிப்பை எடுத்து, அம்பை மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி, அடுத்த இறகை ஒட்ட வேண்டும். பிறகு மூன்றாவது.

கடைசியாக, ஒவ்வோர் இறகின் இரு நுனியிலும் ஒரு துளி பசை வைக்க வேண்டும். இதை மறந்தால் ஆபத்து! முன் நுனி தூக்கிக்கொண்டிருந்தால், அம்பு புறப்படும்போது வில் பிடித்த கையைக் கிழித்துவிடும்.

அவசரம் கூடாது

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு அவசரம்தான். பசை காயுமுன் கிளிப்பைக் கழற்றுவார்கள். இறகும் கிளிப்போடு வந்துவிடும்! பசை அதிகமானாலும் இதே கதிதான். கிளிப்பின் ஓரத்தில் சிறிது மெழுகு தேய்த்துக்கொண்டால் ஒட்டாது.

ஓர் இறகு உலர 15 நிமிடம் என்றால், ஓர் அம்புக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆறு அம்புகளுக்கு நாலரை மணி நேரம்! மூன்று இறகுகளையும் ஒரே சமயத்தில் ஒட்டும் ஜிக்குகளும் இருக்கின்றன. மலிவான ஜிக்கில் ஒவ்வொன்றாகத்தான் ஒட்ட வேண்டும். பணம் மிச்சம், நேரம் செலவு.

ஆனால், பொறுமையாக ஒட்டிய அம்பு நேராகவே போகும். ஜிக்கின் விலை என்ன என்று அம்புக்குத் தெரியாது!