முழங்காற்படியிட முடியவில்லையே!



வார்டில் ஜெபித்து முடித்ததும் மயிலாப்பூர் தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முழங்காற்படியிட்டு ஜெபித்து இரண்டு வருஷமாயிற்று, ஐயா. ஆலயத்துக்கும் போவதில்லை. நடந்தால் மூட்டு இன்னும் தேய்ந்துவிடுமாமே?" என்றார்.

இந்தப் பயமே பலரை வீட்டில் உட்கார வைத்துவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் என்றதும் செருப்புத் தேய்வதைப்போல நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்களே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவமே அதற்கு ஆகாரம். காலை நீட்டி மடக்கி நடக்கும்போதுதான் அது நன்றாக உள்ளே ஊறுகிறது. அசையாதிருந்தால் தொடைத் தசையும் மெலிந்து, மூட்டின்மேல் பாரம் கூடும்.

ஆகவே நாகேஸ்வரராவ் பூங்காவிலோ, தி. நகர் நடேசன் பூங்காவிலோ சமதரையில் மெதுவாக நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணும்வரை நிறுத்தி இறக்குங்கள்; ஒவ்வொரு காலுக்கும் 10 முறை. (எனக்கும் முழங்கால் வலி உண்டு, செய்துதான் எழுதுகிறேன்.) உடல் எடை 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும். சம்மணமிட்டால் வலிக்கிறதா? நாற்காலியில் அமர்வதில் வெட்கம் வேண்டாம். மூட்டு சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்கவேண்டும். தாயார் அதை நம்பவில்லை. பிசியோதெரபிஸ்டை அழைத்துக் கேட்டபிறகே கை மாற்றினார். ஜெபத்தை அன்று நாற்காலியிலேயே முடித்தோம்.