எங்கள் வீட்டு மேஜையில் பல்லாவரம் ஸ்டேஷன்!

"தாத்தா, வண்டி வருது... கேட்டை மூடுங்க!"

என் மகள் கத்துகிறாள். எழுபத்தாறு வயது அப்பா அவசர அவசரமாக, ஐஸ்கிரீம் குச்சியில் செய்த கேட்டை இறக்குகிறார். அட்டையால் செய்த மூன்று பெட்டி எலெக்ட்ரிக் ரயில் தடதடவென்று... இல்லை, சத்தமே இல்லாமல் பல்லாவரம் ஸ்டேஷனுக்குள் நுழைகிறது. மோட்டார் கிடையாது. மறுமுனையில் நூலைப் பிடித்து இழுப்பது என் மகள்தான்!

இதே அப்பா ஒன்றரை வருஷத்துக்கு முன்பு எப்படி இருந்தார் தெரியுமா?

அம்மா போன பிறகு ஈஸிசேரே கதி. காலையில் உட்கார்ந்தால் சாப்பிட எழுந்திருப்பார், அவ்வளவுதான். "வாக்கிங் போகலையாப்பா?" என்றால், "போய் என்ன ஆகப் போறது?" என்பார். சுகர் மாத்திரையைக்கூட நாங்கள் ஞாபகப்படுத்தினால்தான் போடுவார். தூக்கமும் சரியில்லை. பயந்துபோய் குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னார். சிகிச்சை ஆரம்பித்தது. கூடவே அவர் ஒன்று சொன்னார்: "மாத்திரை அது வேலையைச் செய்யும்மா. ஆனா, காலையில எழுந்ததும் இவருக்குன்னு ஒரு வேலை காத்திருக்கணும். அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடித்தது நானில்லை. என் மகள்!

ஸ்கூலில் 'போக்குவரத்து' என்று ஒரு புராஜெக்ட். "தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்போ ரயில் எப்படி இருக்கும்?" என்று கேட்டு வைத்தாள். அப்பா முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேனாவை வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கம் வரைய ஆரம்பித்தார்.

அப்பா வளர்ந்தது பல்லாவரத்தில். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அப்போது அது மீட்டர் கேஜ்; இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். பாரிமுனையில் வேலை பார்த்த எங்கள் தாத்தா, சாயங்காலம் அந்த ரயிலில்தான் திரும்புவார். ஐம்பதுகளில் அப்பாவும் அத்தையும் கேட் பக்கத்தில் நின்று காத்திருப்பார்களாம். அகலப் பாதை வந்து, 2004-ல் அந்த மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றே போய்விட்டன. ஆக, பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டலாம் என்றாலும் முடியாது. செய்துதான் காட்ட வேண்டும்!

கணக்குப் போட்டால்தான் ரயில்

"சும்மா கண்ணளவுல செஞ்சா பொம்மை. கணக்குப் போட்டுச் செஞ்சாத்தான் மாடல்" என்பது அப்பாவின் கட்சி. உலகம் முழுக்க ரயில் மாடல் செய்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு 'ஹெச்.ஓ.'. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. இதன்படி 20 மீட்டர் நீளப் பெட்டி 23 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஐந்தரை அடி ஆள், இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார்! ஒரு மீட்டர் பாதை, 12 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் ஹெச்.ஓ. தண்டவாளம் கேட்டால் பெரும்பாலும் 16.5 மில்லிமீட்டர் அகலத்தில்தான் கொடுப்பார்கள். அது வெளிநாட்டு ரயில்களுக்கான கணக்கு. நம் மீட்டர் கேஜுக்கு ஒத்து வராது. அதனால் அப்பா, அட்டையைக் கீற்றுக் கீற்றாக வெட்டித் தண்டவாளமும், தீக்குச்சியில் கட்டைகளும் தானே செய்துகொண்டார். சக்கரம்? பழைய சட்டைப் பட்டன்கள்!

கடற்கரையிலிருந்து தாம்பரம் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர். அதை அப்படியே செய்தால் 330 மீட்டருக்கு மேல் நீளும். அதற்குத் தெருவையே வளைத்துப் போட வேண்டும். எனவே, ஆறடி நீளம், ஓரடி அகலப் பிளைவுட்டில் ஒரே ஒரு ஸ்டேஷன், ஒரு கேட், கொஞ்சம் தெரு. அவ்வளவுதான். ஆனால், இதற்கே நாலு மாதம் ஆனது. செலவு? பிளைவுட்டைத் தவிர்த்தால் வீட்டில் கிடந்த அட்டைப் பெட்டியும், பசையும், போஸ்டர் கலரும்தான்.

அத்தை வந்தார்... புளியமரம் வந்தது!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். மேஜையைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏண்ணா, கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புளியமரம் நிக்குமே... அதை விட்டுட்டியே?"

அவ்வளவுதான்! இரண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரை பேசினார்கள். ஒரு மழைநாளில் மூன்று வண்டி வந்து போயும் தாத்தா இறங்கவில்லையாம். இருட்டில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, அழாமல் நின்றாராம் அப்பா. நாலாவது வண்டியில் தாத்தா வந்தார். கையில் நனைந்துபோன மிக்சர் பொட்டலம். "அதைவிட ருசியா நான் எதையும் சாப்பிட்டதில்லை" என்றார் அப்பா. ஐம்பது வருஷமாக எங்களிடம் சொல்லாத கதை!

மறுநாள் காலையில், யாரும் சொல்லாமலே அப்பா வாக்கிங் கிளம்பினார். புளியமரத்துக்குக் காய்ந்த குச்சி தேட வேண்டுமாம்.

பழைய நினைவு... மருந்தா, சுமையா?

வயதானவர்கள் பழசையே பேசினால் 'புத்தி தளர்ந்துவிட்டது' என்று நினைத்த காலம் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், 1963-ல் இதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துக் கணக்குத் தீர்ப்பது, முதுமையில் இயல்பான வேலை என்றார். சிலருக்கு இதுவே குற்ற உணர்ச்சியாகவும் சோர்வாகவும் மாறலாம் என்றும் எச்சரித்தார். மறதி நோய் உள்ளவர்களிடம் பழைய போட்டோ, பாட்டு, பொருட்களைக் காட்டிப் பேசவைக்கும் முறையும் இன்று இருக்கிறது. இது நோயைக் குணமாக்காது. பலனும் ஆளுக்கு ஆள் மாறும், பெரிதாகவும் இருக்காது என்கின்றன ஆய்வுகள்.

எங்கள் வீட்டில் நான் பார்த்தது இதுதான். ஈஸிசேரில் தனியாக அசைபோட்டபோது அதே நினைவுகள் அப்பாவை அழுத்தின. கைக்கு வேலையும், கேட்க ஆளும் கிடைத்ததும் அவையே அவரை எழுப்பி உட்கார வைத்தன.

இங்கிலாந்தில் ஆட்ரி என்ற பாதிரியாருக்கும் ரயில்தான் சின்ன வயசு ஞாபகம். ராத்திரியில் மேடு ஏறும் இன்ஜின்களின் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பாராம். பின்னாளில் அம்மை போட்டுப் படுத்திருந்த மகனுக்கு ரயில் கதைகள் சொன்னார். அவை 1945 முதல் புத்தகங்களாக வந்து, 'தாமஸ்' ரயிலாக இன்று உலகக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அவரும் ரயில் மாடல் செய்தவர்தான்!

நீங்களும் ஆரம்பிக்கலாம்... ஆனால் கவனம்!

* வெளிச்சம் முக்கியம். டேபிள் லாம்ப்பும், சரியான பவர் உள்ள படிக்கிற கண்ணாடியும் வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை தலை நிமிர்ந்து, இருபது விநாடி தூரத்தில் பாருங்கள்.

* அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். கால் வீக்கம், இடுப்பு வலி உள்ளவர்கள் இதை மறக்கவே கூடாது.

* கை நடுக்கம் இருந்தால் அளவைப் பெரிதாக்கிக் கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் கட்டரில் கவனம். சின்னக் காயத்தையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

* ஸ்பிரே பெயின்ட், உடனே ஒட்டும் பசை, சால்டரிங் எல்லாம் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். இந்தப் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

* மோட்டார் ரயில்கள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அதற்கான டிரான்ஸ்ஃபார்மரை நல்லதாக வாங்கிவிடுங்கள். வீட்டு மின்சாரத்தில் நீங்களே ஒயர் இழுக்க வேண்டாம்.

* குட்டிக் குழந்தைகள் ஜாக்கிரதை! என் தம்பியின் இரண்டு வயது மகன் ஒரு சக்கரத்தை வாயில் போட்டுக்கொண்டான். நல்லவேளை, உடனே எடுத்துவிட்டோம். பட்டன் பேட்டரி இன்னும் ஆபத்து. தொண்டைக்குள் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

* இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, தூக்கமின்மை, பசியின்மை என்றால் முதலில் டாக்டர். பொழுதுபோக்கு அதற்கு அடுத்துத்தான்.

பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசையா? வில்லிவாக்கம் ஐ.சி.எஃப். பக்கம் சென்னை ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. புணே போனால் கோத்ரூடில் ஜோஷி குட்டி ரயில் அருங்காட்சியகம் பாருங்கள்.

போன வாரம் அப்பா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, சுகர் டெஸ்ட் எடுத்து மூணு மாசம் ஆச்சு இல்லே? நாளைக்குப் போயிட்டு வந்துடலாமா?"

எனக்கு ஆச்சரியம். "என்னப்பா திடீர்னு?"

"குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம்னு இன்னும் மூணு ஸ்டேஷன் பாக்கி இருக்கே!"