நாழி மாவும் இரண்டு காசும்

ஈகையைச் சிறப்பிக்கும் மறைநூல்கள் பல. அதனை எதனால் அளப்பது என்னும் வினாவை எழுப்புவன சிலவே. இவ்வினாவில் மகாபாரதமும் மாற்குவின் சுவிசேஷமும் வியப்புறும் அளவுக்கு நெருங்கி வருவதை நாம் காண்கிறோம்.

பாரதத்தின் 14ஆம் பருவமாகிய ஆசுவமேதிக பருவத்தில், தருமரின் பெருவேள்வி முடிந்த வேளையில், பாதி உடல் பொன்னான கீரியொன்று வருகிறது. குருக்ஷேத்திரத்து ஏழை அந்தணன் ஈந்த ஒரு நாழி மாவுக்கு இவ்வேள்வி ஈடாகாது என்கிறது. சிந்திய தானியம் பொறுக்கி வாழ்ந்த குடும்பம் அது. பஞ்ச காலத்தில் அரிதாய்க் கிடைத்த வாற்கோதுமையை மாவாக்கி, நால்வரும் பங்கிட்டு உண்ண அமர்ந்தபோது விருந்தினர் ஒருவர் வந்தார். தலைவன், மனைவி, மகன், மருமகள் என ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் பங்கை அளித்தனர். அவ்விடத்தில் புரண்ட கீரிக்குப் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதிக்காக அது வேள்விதோறும் அலைகிறதாம்.

மாற்கு 12ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் செல்வர்கள் மிகுதியாக இட, கைம்பெண் ஒருத்தி மிகச் சிறிய செப்புக் காசுகள் இரண்டை இடுகிறாள். அனைவரினும் அவளே மிகுதியாக ஈந்தாள் என்கிறார் இயேசு. இங்கு அளக்கப்படுவது கொடுத்தது அன்று, கொடுத்தபின் எஞ்சியது. ஒரு திர்ஹம் நூறாயிரம் திர்ஹங்களை முந்தியதாக அபூஹுரைரா (ரலி) வாயிலாக நஸாயீயில் பதிவான நபிமொழியும் இவ்வளவுகோலையே கொள்வதை நம் வாசகர்கள் அறிவர்.

வேறுபாடு முடிவில் உள்ளது. பாரதத்தில் விருந்தினராய் வந்தவன் அறக்கடவுள். குடும்பம் விண்ணுலகு ஏகுகிறது. கைம்பெண்ணுக்கு அத்தகைய பேறு எதனையும் சுவிசேஷம் கூறவில்லை. அன்றிரவு அவள் உண்டாளா என்பதும் அதில் இல்லை. இதற்குச் சற்று முன்னரே, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரை இயேசு கண்டிக்கிறார். ஆதலால் இது பாராட்டன்று, ஏழையின் கடைசிக் காசையும் பெற்றுக்கொள்ளும் அமைப்பைக் குறித்த புலம்பலே என விவிலிய ஆய்வாளர் சிலர் கருதுவர். இரு பகுதிகளையும் சேர்த்துப் படிக்கையில் அக்கருத்தை எளிதில் தள்ள நம்மால் இயலவில்லை.

பாரதத்திலும் ஒரு நெருடல் உண்டு. கீரி சாபத்தால் அவ்வுருப் பெற்றதென்றும், தருமரை இழித்துரைத்தே அது விடுதலை பெற்றதென்றும் ஒரு பின்கதை வருகிறது. அரச வேள்வியின் மதிப்பைக் காக்க எழுந்த கதையோ இது என நாம் ஐயுறுகிறோம். ஆயினும் ஏழையின் மாவு குறித்துக் கீரி கூறியதை அக்கதை விலக்கவில்லை.