மந்திரியையே பத்தி எழுத வைத்தவர்!

லப்பைக்குடிக்காட்டு டீக்கடையில் லால்பகதூர் சாஸ்திரி பேரை எடுத்துப் பாருங்கள். பெரியவர்கள் நேரே அரியலூர் ரயிலுக்குத் தாவிவிடுவார்கள். 1956 நவம்பர் 23. மழை, மருதையாறு, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்... 140 பேருக்கு மேல் போய்விட்டார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். எங்க பக்கம் அவருக்கு இன்னமும் நல்ல பேர்தான்.

நான் சொல்ல வந்தது, பிற்பாடு அவர் பக்கத்தில் நின்ற குல்தீப் நய்யாரைப் பற்றி.

சியால்கோட்டில் பிறந்தவர். பிரிவினையில் டெல்லிக்கு வந்து, உருதுப் பத்திரிகையில் சேர்ந்தார். அப்புறம் சர்க்கார் உத்தியோகம். உள்துறை மந்திரி பந்த்துக்கும், 1961-ல் அந்த நாற்காலிக்கு வந்த சாஸ்திரிக்கும் பத்திரிகைத் தகவல் அதிகாரி. நேற்றுவரை கேள்வி கேட்ட வாய், இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, வாயைத் திறந்தாலும் வம்பு, மூடினாலும் வம்பு!

1963-ல் நம்ம காமராஜர் போட்ட திட்டத்தில் சாஸ்திரி பதவியை விட்டார். சம்பளம் நின்றது. வீட்டில் காய்கறிச் செலவையே குறைக்கிற நிலைமை. நய்யார் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளுக்குப் பத்தி எழுதச் சொல்லி, அதை வாங்கிப் போட ஆளும் பிடித்தார். பத்திரிகைக்காரர் அதிகாரியானது போக, மந்திரி பத்திரிகைக்காரரானார்!

வில்லங்கம் அடுத்த வருஷம் வந்தது. 1964 மே 27-ல் நேரு மறைந்தார். அதற்குள் நய்யார் யு.என்.ஐ. செய்தி நிறுவனத்துக்குப் போயிருந்தார். பிரதமர் போட்டியில் மொரார்ஜி தேசாய் முதலில் குதித்துவிட்டார் என்று ஒரு செய்தி அனுப்பினார். சிதைச் சூடு ஆறுமுன் நாற்காலி ஆசையா என்று ஜனங்கள் முகம் சுளிக்க, மொரார்ஜிக்கு ஆதரவு சரிந்தது. பாராளுமன்றப் படியில் காமராஜர் தன் காதருகே ‘தேங்க் யூ’ சொன்னதாக நய்யாரே எழுதியிருக்கிறார். ஜூன் 9-ல் சாஸ்திரி பிரதமர்.

“அப்ப அது நியூஸா, பழைய முதலாளிக்குச் செஞ்ச உபகாரமா?” என்று கேட்டார் பேங்க்கில் வேலை பார்க்கும் என் சிநேகிதர்.

நியாயமான கேள்வி. செய்தி பொய்யில்லை, மொரார்ஜி போட்டிக்குத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் ஏஜென்சி செய்தியில் எழுதியவர் பேர் இருக்காது. முந்தாநாள்வரை சாஸ்திரியிடம் வேலை பார்த்தவர் எழுதியது என்று வாசகனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு உறுத்துவது அந்த இடம்தான். உள்நோக்கம் இல்லை என்றார் நய்யார். மொரார்ஜியின் ஆட்கள் நம்பவில்லை.

ஜால்ரா என்று மட்டும் அவரைத் தள்ளிவிட முடியாது. 1975-ல் எமர்ஜென்சி. மற்றவர்கள் பேனாவை மூடிவைத்தபோது இவர் பிரஸ் கிளப்பில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டித் தணிக்கையை எதிர்த்தார். ‘மிசா’வில் பிடித்து திகார் ஜெயிலில் போட்டார்கள். சர்க்காருக்காக அறிக்கை எழுதிய கை, சர்க்கார் ஜெயிலில் களி தின்றது.

அப்புறமும் சர்க்கார் அவரை விடவில்லை. 1990-ல் லண்டனில் ஹைகமிஷனர், 1997-ல் ராஜ்யசபா நியமன உறுப்பினர். பத்தி எழுதுவதை அவரும் விடவில்லை, 2018 ஆகஸ்டில் 95 வயதில் கண்மூடுகிறவரை.