எமர்ஜென்சி வார்டில் தவறான சிகிச்சையா? வழக்கு எப்போது நிற்கும்?

நள்ளிரவில் நெஞ்சு வலியோடு வருபவரை, ‘வாயுத் தொல்லைதான்’ என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். விடிவதற்குள் மாரடைப்பு. ‘டாக்டர் மேல கேஸ் போடலாமா?’ என்று குடும்பம் கேட்கிறது.

போடலாம். ஆனால் நோயைத் தவறாகக் கணித்தாலே அது அலட்சியம் ஆகிவிடாது. அதே சூழலில், அதே தகுதியுள்ள சராசரி மருத்துவர் என்ன செய்திருப்பார் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஈசிஜி எடுத்தும் பிரச்னை பிடிபடவில்லை என்றால் ஒரு கதை. ஈசிஜியே எடுக்கவில்லை என்றால் வேறு கதை.

எங்கே போவது?

கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவமும் ஒரு ‘சேவை’தான் என்று 1995ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ போக வேண்டும். மேற்கு வங்கத்தில் ரயிலில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டவரை அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்து ‘படுக்கை இல்லை’ எனத் திருப்பி அனுப்பின. இது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று 1996ல் சொன்ன உச்ச நீதிமன்றம், ரூ.25,000 இழப்பீடு தரச் சொன்னது.

போலீஸில் புகார் கொடுத்தால்?

அலட்சியத்தால் மரணம் என்றால், பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி மருத்துவருக்கு 2 ஆண்டு வரை சிறை. ஆனால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும் என்கிறது 2005ல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. வேறொரு மருத்துவரின் கருத்தையும் போலீஸ் முதலில் பெற வேண்டும்.

முதலில் என்ன செய்யணும்?

சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002 விதி. எத்தனை மணிக்கு வந்தார், டாக்டர் எப்போது பார்த்தார், என்னென்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை.

வார்டில் போடும் சண்டை எந்த ஃபைலிலும் ஏறாது. ஆணையத்தில் பேசப்போவது அந்த ஆவணங்கள்தான்.