சூடு கண்ட எண்ணெய்

துணைமின் நிலையத்தில் உறுமிக்கொண்டு நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் பல்லாயிரம் லிட்டர் கனிம எண்ணெய் இருக்கிறது. செப்புச் சுருள்களின் சூட்டை வெளியே கொண்டுபோவதும், மின்சாரம் கண்ட இடத்தில் பாயாமல் தடுப்பதும் அதன் வேலை. உள்ளே ஓர் இணைப்பு தளர்ந்து தகிக்கத் தொடங்கினால், தொட்டியின் வெப்பமானி அசையாமலே இருக்கலாம். அந்த இடத்தை உரசிப் போகும் எண்ணெயோ உடைந்துகொண்டிருக்கும்.

உடைந்த மூலக்கூறுகளின் துண்டுகள் சிறு வாயுக்களாகிச் சுற்றியுள்ள எண்ணெயிலேயே கரைகின்றன. சூடு குறைவென்றால் மீத்தேனும் ஈத்தேனும் மிகுதி. சுமார் 500 டிகிரி செல்சியசைத் தாண்டினால் எத்திலீன் கை ஓங்கும். அசிட்டிலீன் தாராளமாகப் பிறக்க 800 முதல் 1,200 டிகிரி வேண்டும். அது தென்பட்டால் பெரும்பாலும் உள்ளே மின்பொறி வெடிக்கிறது என்று பொருள். ஆகவே கண்ணாடி சிரிஞ்சில் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, கரைந்த வாயுக்களை அளந்தாலே தொட்டியைத் திறக்காமல் நோயை ஊகிக்கலாம்.

எந்தச் சூட்டில் எந்த வாயு எவ்வளவு வரும் என்று 1973-இல் ஹால்ஸ்டெட் என்ற ஆய்வாளர் வெப்பஇயக்கவியல் சமன்பாடுகளால் கணக்கிட்டார். அழகான கணக்கு, ஆனால் வேதிவினைகள் முழுச் சமநிலைக்கு வந்துவிடும் என்று அது நம்புகிறது. தொட்டிக்குள் அதற்கு அவகாசம் ஏது? எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடான இடத்தில் பிறந்த வாயு அடுத்த நொடியே குளிர்ந்த எண்ணெயில் கலந்துவிடுகிறது.

கனடாவின் ஹைட்ரோ கியூபெக் நிறுவனத்தில் பணியாற்றிய மிஷேல் டுவால் வேறு வழியில் போனார். பழுதான டிரான்ஸ்ஃபார்மர்களில் உண்மையில் கண்ட கோளாறுகளை வாயு அளவுகளோடு பொருத்தி, மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் விகிதங்களை ஒரு முக்கோணத்தில் குறித்தார். 1970-களில் பிறந்த அந்த முக்கோணத்தை இன்றும் பொறியாளர்கள் முதலில் புரட்டுகிறார்கள்.

இப்போது எண்ணெய் உடையும்போது ஒவ்வோர் அணுவையும் கணினிப் பாவனை பின்தொடர்கிறது. பிணைப்பு அறுவதையும் சேர்வதையும் கணக்கில் கொள்ளும் ரியாக்ஸ்எஃப்எஃப் முறை 2001-இல் வந்தது. இதில் ஒரு சங்கடம்: பாவனையில் ஓடுவது சில நானோநொடிகள்தான். அதற்குள் ஏதாவது நடக்க வேண்டுமே என்று சூட்டை 2,000 கெல்வினுக்கும் மேலே ஏற்றிவிட்டு, கிடைத்த வினைவேகத்தை நிஜச் சூட்டுக்கு இறக்கிக் கணிக்கிறார்கள். இவ்வளவு தொலைவு இறக்கினால் பிழை வராமல் இருக்குமா?

இன்னொரு தலைவலியும் உண்டு. சில எண்ணெய்கள் எந்தக் கோளாறும் இல்லாமல், 200 டிகிரிக்கும் கீழேயே ஹைட்ரஜனைக் கக்குகின்றன. இதைக் கணினியிடம் கேட்பதைவிட, எண்ணெயை ஆய்வகத்தில் 120 டிகிரியில் 164 மணி நேரம் சூடாக்கி, வரும் வாயுவை அளந்துவிடுகிறார்கள்.